படிக்கட்டில் நிற்பவளுக்கு என்ன வேண்டும்?

பிப்ரவரி 9, 2004

பர்பேங்க் ஸ்டுடியோவில் முதல் நாள். டாரன்ஸிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். ஜப்பானிலிருந்து வந்து பதினேழு வருடமாக இந்த ஊரில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராகப் பிழைப்பு. கார் உதிரிபாகம், பல் மருத்துவர் மாநாடு, ஒரு முறை விவாகரத்து வழக்கு என்று எல்லாம் பார்த்தாயிற்று. பேய் மட்டும் இதுதான் முதல் தடவை.

இயக்குநர் நெஸு-சான் ஜப்பானில் எடுத்து, போன இடமெல்லாம் பரிசு வாங்கிய 'ஈரமான படிகள்' படத்தை ஹாலிவுட் வாங்கியிருக்கிறது. அதே கதையை அமெரிக்க நடிகர்களை வைத்து மறுபடி எடுக்க அவரையே அழைத்து வந்திருக்கிறார்கள். அவருடைய ஆங்கிலம் 'தேங்க் யூ'வோடு முடிந்துவிடும். மிச்ச ஆங்கிலம் நான்தான்.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. பேய்ப்படம் என்றால் எனக்குத் தொடை நடுங்கும்.

பிப்ரவரி 10

பார்த்துவிட்டேன். பட்டப்பகலில், திரைச்சீலையை எல்லாம் திறந்து வைத்து, மினோரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. பதினாறு வயது மகளால் இப்படி ஒரு உபயோகம்.

கதை ஒன்றும் பெரிதில்லை. பழைய அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில், நனைந்த உடையோடு ஒருத்தி நிற்கிறாள். துரத்துவதில்லை, கத்துவதில்லை. நிற்கிறாள். குடியிருப்பவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போய், ஒவ்வொருவராக வீட்டைக் காலி செய்கிறார்கள். கடைசியில் யாருமே இல்லாத கட்டடத்தில் அவள் மட்டும் நிற்கிறாள். முடிந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா பரிசு குடுத்தாங்க?" என்றாள் மினோரி.

அரை மணி நேரம் கழித்து, துணி துவைக்கக் கீழே போக வேண்டியவள் கூடையோடு வாசலிலேயே நின்றாள். "அம்மா, சும்மா துணைக்கு வாயேன். படியில வெளிச்சம் கம்மியா இருக்கு."

மணி அப்போது பிற்பகல் மூன்று.

பிப்ரவரி 12

முதல் கலந்தாய்வு. தயாரிப்பாளர் பிராண்ட் ஆறரை அடி மனிதர். பேசும்போது கை சும்மா இருப்பதில்லை. மேசையில் இருந்த காபிக் குவளைகளை நான்தான் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

"படம் அற்புதம். ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. அவளுக்கு என்னதான் வேணும்?" என்றார்.

நெஸு-சானிடம் சொன்னேன். "ஒண்ணும் வேணாம்" என்றார் அவர்.

"ஒண்ணும் வேணாம்னா எதுக்கு நிக்குறா?"

"இந்த ஆள் இவ்வளவு உயரமா இருக்காரே, எதுக்குன்னு நான் கேட்டேனா?"

நெஸு-சான் முகத்தில் சிரிப்பே இல்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "ஆழமான கேள்வி, யோசிக்கிறேன் என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். பிராண்ட் மகிழ்ந்து என் கையைக் குலுக்கினார். "அவர் சம்மதித்துவிட்டாரா?" என்று நெஸு-சான் கேட்டார். "உங்கள் படத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை" என்றேன்.

அதுவும் பொய்யில்லைதான்.

பிப்ரவரி 20

இரண்டு தரப்பும் என்னைப் பாராட்டுகிறார்கள். நான்தான் இருவர் கண்ணையும் பார்ப்பதில்லை.

மார்ச் 3

புதிய திரைக்கதை வந்தது. பேய்க்கு இப்போது பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. கட்டடத்துச் சொந்தக்காரன் அந்தக் குழந்தையைக் கொன்று சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டானாம். கடைசியில் சுவரை இடித்து அடக்கம் செய்ததும், அம்மாக்காரி புன்னகைத்து ஒளியாகக் கரைந்துவிடுகிறாள்.

நெஸு-சானுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் குழந்தை படத்துக்குள்ள வந்துச்சு, நானே அதைத் தூக்கி ஜன்னல் வழியா வெளியில எறிஞ்சிடுவேன்னு சொல்லுங்க."

பிராண்ட் ஆவலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தையை வெளியில் கொண்டுவரலாம் என்கிறார்" என்றேன்.

"வெளிப்புறக் காட்சி! பிரமாதம்! இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்று துள்ளி எழுந்தார். ஒரு குவளை போயிற்று.

மார்ச் 4

ஏன் இப்படிச் செய்கிறேன்?

சொல்லை மாற்றுவதுதான் என் தொழில், பொருளை மாற்றுவதல்ல. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் அந்த விவாகரத்து வழக்கு... அன்றைக்குக் கணவன் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் அவன் மனைவியிடம் சொன்னேன். நேர்மையாகச் சொன்னேன். அவள் அழுதபோது அவனைப் பார்த்து அழவில்லை. என்னைப் பார்த்து அழுதாள். அவள் காதில் விழுந்தது என் குரல்தானே.

அன்றிலிருந்து கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்லப் பழகிவிட்டேன். பல் மருத்துவர்களிடம் அது செல்லுபடியானது.

மார்ச் 19

ஐயோ. போச்சு. எல்லாம் போச்சு.

மினோரிக்குப் பள்ளி விடுமுறை. ஸ்டுடியோவில் டோநட் இலவசம் என்று தெரிந்து கூடவே வந்தாள். மூலையில் உட்கார்ந்து தின்கிறாள், நாம் பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம் என்று இருந்தேன். வீட்டில் ஜப்பானியம் பேசு பேசு என்று பதினாறு வருடம் இவள் உயிரை வாங்கியவளே நான்தான். அது எப்படி மறந்துபோச்சு எனக்கு?

நெஸு-சான் சொன்னார்: "அரங்கத்துல அந்தச் சுவரைக் கட்டுனா நான் அடுத்த விமானத்துல ஊருக்குப் போறேன்."

நான் சொன்னேன்: "சுவரைப் பற்றி அவருக்குச் சில யோசனைகள் இருக்கின்றன."

மூலையிலிருந்து வாய் நிறைய டோநட்டோடு ஒரு குரல். ஆங்கிலத்தில், அறை முழுக்கக் கேட்கும்படி. "அம்மா! அவர் அப்படிச் சொல்லவே இல்லையே! ஊருக்குப் போறேன்னுல்ல சொன்னாரு!"

பிராண்டின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்ன சொன்னார்னு நீயே சொல்லும்மா" என்றார் அவளிடம். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சொல்லிவிட்டாள். பிறகு நெஸு-சானுக்கு, நான் இத்தனை நாளாக என்ன சொல்லியிருந்தேன் என்பதையும் சொன்னாள். நன்றாகத்தான் மொழிபெயர்த்தாள் பாவி. அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது.

பிராண்ட் எழுந்து வெளியே போய்விட்டார். நெஸு-சான் தொப்பியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டார்.

காரில் மினோரி அழுதாள். "சாரிம்மா, எனக்குத் தெரியாதும்மா." நீ என்னடி தப்பு பண்ணின? தப்புப் பண்ணினவ நான். அதைக்கூடச் சரியாச் சொல்ல வரல எனக்கு.

மார்ச் 20

இருவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினேன், இரண்டு மொழியிலும். இரண்டிலும் ஒரே பொருள்தானா என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

மார்ச் 22

வேலையை விட்டுத் தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். பிராண்டும் நெஸு-சானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். "வேற ஆள் வர நாலு நாளாகும். அதுவரைக்கும் நீங்கதான். ஆனா இனிமே இவர் என்னைக் கழுதைன்னா எனக்குக் கழுதைன்னே கேக்கணும்" என்றார் பிராண்ட்.

சரி என்றேன். நெஸு-சானின் முதல் வாக்கியமே கழுதைதான்.

சொன்னேன். கழுதை என்றே சொன்னேன். முக்கால் மணி நேரம் இருவரும் கத்தினார்கள், நடுவில் உட்கார்ந்து நானும் இரண்டு பக்கமும் கத்தினேன். 'பிணத்துக்குப் பவுடர் பூசுறவன்.' 'பரிசு வாங்கி வாங்கித் தலை கனத்துப் போனவன்.' எதையும் விடவில்லை. விசித்திரம் என்னவென்றால், இந்த முறை யாரும் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. ஒருவரை ஒருவர்தான் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் பிராண்ட் நாற்காலியில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதையும் சொல்லுங்க. அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஒரு வாரம் நான் மாடியில போய்ப் படுக்கல. கீழே சோபாவுல படுத்தேன். ஐம்பத்திரண்டு வயசு எனக்கு. அவ ஏன் நிக்குறான்னு ஒரு காரணம் கிடைச்சா நிம்மதியாத் தூங்கலாம்னுதான் அந்தப் படத்தையே வாங்கினேன்."

நெஸு-சான் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்!

"எனக்கும் தெரியாதுன்னு சொல்லுங்க. நானும் ஆறு வருஷமா மின்தூக்கியிலதான் போறேன்."

அதற்கப்புறம் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கட்டடத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அவள் ஏன் நிற்கிறாள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். குழந்தை, காதலன், வாடகைத் தகராறு என்று ஆளுக்கொன்று. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. எது நிஜம் என்று படம் சொல்லாது. சுவர் கிடையாது, ஒளியும் கிடையாது.

வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 6

பேயாக நடிக்க ஷெல்பி என்று ஒரு நாட்டியக்காரியைப் பிடித்திருக்கிறார்கள். தங்கமான பெண். ஒரே குறை, நிற்கத் தெரியவில்லை. விரல் அசைகிறது, தலை சாய்கிறது, மூச்சே நடனமாடுகிறது. "நிக்கும்போது நான் என்ன நினைச்சுக்கணும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் நினைக்காதம்மா" என்றார் நெஸு-சான். அப்படியே சொன்னேன். "சரி, ஆனா எந்த மாதிரி ஒண்ணும் நினைக்காம இருக்கணும்?" என்றாள்.

ஜூன் 15

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

விளக்கு சரிபார்க்கப் படிக்கட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது. ஷெல்பி ஒப்பனையில் இருந்தாள். "குவபாரா-சான், சும்மா கொஞ்சம் நில்லுங்களேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் நெஸு-சான். நனைந்த மேலங்கியைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு நின்றேன்.

நிற்பது எனக்குப் பெரிய வேலையா? விருந்துகளில் எல்லாரும் சாப்பிட, இரண்டு பேருக்குப் பின்னால் அரை அடி தள்ளிப் பதினேழு வருடமாக நிற்கிறவள் நான். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, சிரிப்புக்குச் சிரிக்கக் கூடாது. பழகிய கால் தானாக நின்றது. மாலைக்கு மீன் வாங்க வேண்டும், மினோரி மறுபடி வண்டியில் பெட்ரோல் போடாமல் வைத்திருப்பாள், என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே எங்கோ கதவு திறந்தது. பிராண்ட் காபியோடு வந்து மானிட்டரைப் பார்த்திருக்கிறார். எனக்குக் கேட்டது ஓர் அலறலும், குவளை உடைகிற சத்தமும்தான்.

"அது யாரு? அது யாருன்னு கேக்குறேன்!"

"நான்தாங்க, சட்சுகி!" என்று மேலிருந்து கத்தினேன்.

"பேசாதீங்க! பேசினா இன்னும் பயமா இருக்கு!"

நெஸு-சான் மானிட்டரை விட்டுத் தலை தூக்கவே இல்லை. "ஷெல்பிக்கு நாலாம் மாடிக்காரி வேஷம் குடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். ஷெல்பிக்கு உயிர் வந்தது. அவளுக்கு வசனம் வேண்டும்.

எனக்குக் கோபமா, பெருமையா? மீன் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 21

படப்பிடிப்பு. நான் படியில் நிற்பதால் கோடை விடுமுறைக்கு மினோரிதான் மொழிபெயர்ப்பு. சர்க்கரை என்பது அவள் பரம்பரையிலேயே கிடையாது போல. "இந்த ஒப்பனை செத்த மீன் மாதிரி இருக்குன்னு சொல்றாரு," "அவர் போட்டிருக்குற சட்டை கண்ணைக் குத்துதுன்னு சொல்றாங்க." வேலை இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கிறது.

மதிய உணவுக்கு அதே உடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த நான்கு பேரும் வழிவிட்டார்கள்.

அக்டோபர் 7

வெளியார் நூறு பேரைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டி, அட்டையில் கருத்து எழுதச் சொன்னார்கள். முப்பத்தொரு அட்டையில் ஒரே கேள்வி: 'அவளுக்கு என்ன வேண்டும்?' மேலிடத்தில் முகம் சுருங்கியது. கடைசியில் பேய் ஒரு கத்தலாவது கத்தட்டும் என்றார்கள்.

பிராண்ட் ஓர் அட்டையை எடுத்து உரக்கப் படித்தார். 'படம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் எழுந்து போயிருப்பேன். ஆனால் வெளியே போகும் வழியில் படிக்கட்டு இருக்கிறது.'

"கத்தல் கிடையாது" என்றார். அவருக்கு நெஸு-சானின் முகம் வந்துவிட்டது போல இருந்தது.

பிப்ரவரி 18, 2005

படம் வெளியாகி இரண்டு வாரம். முதல் வாரம் இரண்டாம் இடம், அடுத்த வாரம் ஏழாம் இடம். மூலப்படத்தின் ரசிகர்கள் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள், மூலப்படத்தைப் பார்க்காதவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒரு பத்திரிகை, 'பேயாக நடித்தவர் யார் என்று தெரியவில்லை, நடிகை மாதிரியே இல்லை' என்று எழுதியது. மினோரி அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

அவளுடைய தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை.

நவம்பர் 13

டோக்கியோவிலிருந்து நெஸு-சான் தொலைபேசினார். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரல்.

அங்கே ஒரு நிறுவனம் நம் அமெரிக்கப் படத்தை வாங்கியிருக்கிறதாம். ஜப்பானில், ஜப்பானிய நடிகர்களை வைத்து, மறுபடி எடுக்க. அவரையேதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"உங்க படத்தை இவங்க எடுத்தாங்க. இவங்க படத்தை இப்ப அவங்க எடுக்குறாங்களா?"

"ஆமா. தயாரிப்பாளர் முப்பது வயசுப் பையன். கத்துறான். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கூட வரணும்."

"ரெண்டு பேரும் ஜப்பானியம்தானே பேசுறீங்க?"

"அதனாலதான் கூப்பிடுறேன்."

பழைய நான் என்றால் 'யோசிக்கிறேன்' என்றிருப்பேன். 'பெரிய மரியாதை' என்றிருப்பேன்.

"நெஸு-சான், இது மகா முட்டாள்தனமான யோசனை. வேண்டாம்னு சொல்லிட்டு வேற படம் எடுங்க" என்றேன்.

நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் மென்மையாக்கவில்லை.

"தேங்க் யூ" என்றார், ஆங்கிலத்தில். பிறகு, எழுதி வைத்திருக்கும் புதுக் கதை ஒன்றை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.