கச்சானோடு சாவகச்சேரிக்கு

அக்கா,

இன்று காலை தேத்தண்ணிக்குக் கரண்டி எடுக்கக் குசினி லாச்சியைத் திறந்தேன். கரண்டிகளுக்கு நடுவில் உன்னுடைய அந்த ஊசியில்லாத சிரிஞ்சு கிடந்தது. மனுசர் வாயில் வைக்கிற கரண்டியோடு அதைப் போடாதே என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "கழுவித்தானே வைக்கிறன்" என்பாய். எடுத்து மூக்கருகில் பிடித்தேன். அறுகம்புல்லும் கொய்யாப்பழமும் விற்றமின் குளிசையும் கலந்த அந்தப் புளித்த மணம் இன்னும் போகவில்லை. நீ கழுவிய இலட்சணம் அது. நான் திரும்பக் கழுவி, துடைத்து, அதே லாச்சிக்குள்ளேயே போட்டேன். பிறகு அடுப்படியில் நின்றபடி உன்னோடு சத்தமாகச் சண்டை பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

குக்கருக்கு வாஷர் வாங்கத்தானே அன்றைக்கு நீ ரவுணுக்குப் போனாய்? வாஷர் வரவில்லை. உன் கைப்பைக்குள் ஒரு கடதாசிப் பெட்டி இருந்தது, பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சீவன் இருந்தது. மீன்தொட்டி விற்கிற கடையில், பெரியவை ஏறி மிதிக்க, அது மூலையில் ஒடுங்கிப்போய் இருந்ததாம். கினிப்பன்றிக் குட்டி என்றாய்.

"பன்றியோ? இந்த வீட்டுக்குள்ளையோ?"

"பேர்தான் பன்றி. புல்லுத் தின்னுற சீவன். உன்னைவிடச் சைவம்."

வெளியில் போனால் எப்போதாவது ஒரு முட்டை ரோல்ஸ் சாப்பிடுகிறவள் நான். அதை நீ ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. முன்பக்கம் மண்ணிறம், பின்பக்கம் வெள்ளை. கோது உடைக்காத கச்சான் கடலையைப் போல இருந்ததால் கச்சான் என்று பெயரும் வைத்துவிட்டாய். என் கணவர் போன பிறகு நான் உன்னோடு வந்து இருந்த அத்தனை வருடத்திலும், இந்த அரியாலை வீட்டில் ஒரு பூனை வளர்க்கக்கூட நீ விட்டதில்லை. அதை நான் சொல்லிக்காட்ட, "பூனை கேள்வி கேட்காமல் மடியிலை ஏறும். உது அப்பிடியில்லை" என்றாய். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சோறு போட்டாய். பிஸ்கற்று நனைத்துக் கொடுத்தாய். அதற்கு என்ன சாப்பாடு என்று ஆரையும் கேட்டுப் பார் என்றேன். "உந்தச் சின்ன வயித்துக்குள்ளை என்னத்தைத் தின்னப்போகுது?" என்றாய். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவளுக்கு, தனக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கேட்பது அவ்வளவு பாரம்.

கொஞ்ச நாளிலேயே அது மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கத் தொடங்கியது. பின்னங்கால்களை இழுத்தது. தூக்கினால் கீச்சென்று கத்தியது. ரவுணில், நாய்களுக்குப் பேர்போன ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் அதைத் தொட்டும் தொடாமலும் பார்த்துவிட்டு, சளித் தடிமன் என்றார். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாணி மருந்தைத் தந்தார். "குழந்தைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதுதான். பயமில்லை" என்றார். உலகத்தில் எல்லாரையும் குறுக்குக் கேள்வி கேட்கிற நீ, அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தாய். மருந்து உள்ளே போகப்போக அதற்கு வயிற்றால் போனது. அடுத்த நாள் கண்ணையும் திறக்கவில்லை. அந்த இடத்துக்குப் போன் எடுத்தால், வைத்தியர் வரவில்லை, எடுத்த பிள்ளை "முழுப் போத்தலையும் முடியுங்கோ" என்றது.

அதற்குப் பிறகுதான் உனக்குச் சாவகச்சேரி நினைவுக்கு வந்தது. உன்னிடம் படித்தவன் ஒருவன் அங்கே அரசாங்க மிருக வைத்தியராக இருக்கிறான் என்று சொன்னாய். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்க, "அவன் கணக்கிலை சரியான மோசம்" என்றாய்.

மரக்கறிக் கூடைக்குள் துவாய் விரித்து, கச்சானை வைத்து, கண்டி வீதியில் பஸ் ஏறினோம். கூடைக்குள் என்ன என்று கேட்ட கொண்டக்டரிடம் "மருந்து" என்று கூசாமல் சொன்னாய். அது அப்போது பார்த்துக் கீச்சிட்டது. பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

மாட்டோடும் ஆட்டோடும் வாசலில் காத்து நின்றவர்களை எல்லாம் தாண்டி நீ நேராக உள்ளே போனாய். அவன் உன்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினான். தலை நரைக்கத் தொடங்கிய மனுசன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ரீச்சர், எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். உது தெரியாது."

"ஒன்பதாம் வகுப்பிலையும் நீ உதைத்தானே சொன்னனி."

"அப்பவும் உண்மையைத்தான் சொன்னனான், ரீச்சர்."

அந்த ஒரு பதிலுக்காக எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் கண்டியில் இருக்கும் தன் சிநேகிதனுக்குப் போன் எடுத்தான். அந்த மனுசனுக்கு உப்படிச் சின்னச் சீவன்களில் பழக்கம். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். நீ போத்தலை எடுத்துப் பெயரை வாசித்தாய். அவர் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"உடனை நிப்பாட்டச் சொல்லு. உந்த வகை மருந்து உதுகளின்ரை குடலிலை இருக்கிற நல்ல கிருமியளையும் சாகடிச்சுப்போடும். மனுசருக்கு மருந்து, உதுகளுக்கு நஞ்சு."

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டார். சோறும் பிஸ்கற்றும் என்று நீ மெதுவாகச் சொன்னாய். உன் வாயில் அப்படி ஒரு மெதுவான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மனுசரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் விற்றமின் சி-யைத் தானாக உண்டாக்காதாம். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் மூட்டெல்லாம் நோகுமாம். கால் இழுத்ததற்குக் காரணம் அதுதான். புல், கொய்யா, குளிசை. தானாகத் தின்னும் மட்டும் சிரிஞ்சால் பருக்க வேண்டும், வயிறு வெறுமையாக இருந்தால் குடல் நின்றுவிடும் என்றார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. புல்லை அம்மியில் அரைப்பதும், வடிப்பதும், குளிசையை நொறுக்குவதும்தான் வேலை. நீ அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்து, நேராக விட்டால் புரைக்கேறும் என்று கடைவாய்ப் பக்கமாக ஒவ்வொரு துளியாக விடுவாய். அது துப்பும். நீ ஏசுவாய். திரும்ப விடுவாய். நம்முடைய சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும். மா நிறுக்கிற தராசில் அதை ஏற்றி நிறை பார்த்தாய். அந்தத் தராசில் நிறுத்த மாவில் நான் பிறகு பிட்டு அவிக்க வேண்டும்.

வைத்தியர்கள் இரண்டு பேரையும் ஒரு வழிக்குக் கொண்டுவருவது இன்னொரு பாடு. கண்டிக்காரர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னார். "என்ரை இடத்திலை மாட்டுக்கே இல்லை" என்றான் உன் மாணவன். அவர் சொன்ன மருந்து இங்கே இல்லை. இங்கே இருந்ததை அவர் வேண்டாம் என்றார். இவ்வளவுக்கும் இடையில் நீ அவன் எழுதித் தந்த அளவைப் பிழை என்று சொல்லி, நிறையை வைத்து நீயே கணக்குப் போட்டாய். வைத்தியர் சொன்னதை மாற்றாதே என்று நான் குழறினேன். அவன் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஓம் ரீச்சர், ஒரு தசமம் தள்ளிப்போச்சு" என்றான். அதன் பிறகு உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கச்சானைக் காட்டவென்று அடிக்கடி சாவகச்சேரிக்குப் போனோம். பஸ்ஸால் இறங்கி நடக்கிற அந்தச் சின்னத் தூரத்தில் நீ நின்று நின்று வந்தாய். கேட்டால் செருப்புக்குள் கல் என்றாய். ஒவ்வொரு முறையும் கல். கடைசியில் அந்தச் செருப்பே உன் காலுக்குள் போகவில்லை. படுக்கையில் தலையணையை அடுக்கி, இருந்தபடி நித்திரை கொண்டாய். நான் கேட்க, கச்சான் கத்தினால் கேட்க வேண்டுமே என்றாய்.

அவன்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னான். கச்சானின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ரீச்சர், உங்கடை கால் ரெண்டும் வீங்கியிருக்கு. மூச்சும் வாங்குது. ஆரிட்டையும் காட்டினியளோ?"

"நான் என்ன மாடோ, நீ பார்க்க?"

"ஆசுப்பத்திரி கிட்டத்தான் ரீச்சர். நானே கூட்டிக்கொண்டு போறன்."

"நான் வந்தது உதுக்கு. உதின்ரை வயித்துச் சத்தத்தைக் கேள்."

அவன் என்னைப் பார்த்தான். நான் உன்னைப் பார்த்தேன். நீ கச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள்ளேயே நான் அழத் தொடங்கிவிட்டேன். ஒரு எலியளவு சீவனுக்கு இரண்டு வைத்தியரும் ஊரெல்லாம் அலைச்சலும். உனக்கு ஒருவரும் வேண்டாமோ என்று கேட்டேன். "சனம் பார்க்குது" என்றாய். பிறகு, "உது எழும்பி நடக்கட்டும், போவம்" என்றாய்.

அது நடந்தது. ஒரு பின்னேரம் குசினி நிலத்தில் விட, முதலில் நடுங்கி நின்றது. பிறகு நாலு காலாலும் ஓடிப்போய்த் தேங்காய்க் கடகத்துக்குப் பின்னால் ஒளித்தது. நீ கைதட்டிச் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. நாளைக்கே ஆசுப்பத்திரிக்கு என்றேன். நாளைக்குப் பிரதோஷம் என்றாய். அடுத்து மழை. அடுத்து, அந்தக் கிழமை பெரிய வைத்தியர் லீவாம், ஆரோ சொன்னார்களாம். அவன் போனில் கெஞ்சினான். நான் உன்னோடு கதைக்காமல் இருந்து பார்த்தேன். நீ அதை ஒரு நிம்மதி மாதிரி எடுத்துக்கொண்டு புல்லுப் பிடுங்கினாய்.

அந்தப் புல்லுக்குள்ளேயேதான் ஒரு நாள் காலையில் நீ விழுந்து கிடந்தாய். கையில் அறுகு. ஓட்டோவில் ஏற்றிப் பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டோடினேன். இதயம் கனகாலமாகக் களைத்துப்போய்விட்டது என்றார் டொக்டர். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நீயோ மூச்சுக்கு வைத்த மூடியை விலக்கி விலக்கி என்னோடு கதைத்தாய்.

"அதின்ரை நகம் வளர்ந்திட்டுது. அவனிட்டைக் கொண்டு போய் வெட்டு. நீ வெட்டாதை, ரத்தம் வரும்."

"நீ முதல் அந்த மூடியைப் போடு அக்கா."

"கொய்யா கனக்கக் குடுக்காதை. இனிப்பு."

தாதிப்பிள்ளை வந்து உன்னை ஏசினாள். அவளுக்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் கையைப் பிடித்து மூடியைத் திரும்ப வைத்தேன். அந்தக் கை அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னோடு மல்லுக்கட்டவில்லை. அடுத்த நாள் நீ போய்விட்டாய்.

செத்தவீட்டுக்கு உன் மாணவன் வந்தான். எல்லாரும் என்னவோ சொல்லி அழுதுவிட்டுப் போக, அவன் முற்றத்தில் ஒரு கரையாக நின்று, என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்.

"அன்ரி, கச்சான் சாப்பிடுதோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "இதையோ இப்ப கேட்கிறது?" என்று கத்திவிட்டேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரீச்சர் அண்டைக்கு ராத்திரி ஆசுப்பத்திரியிலை இருந்து போன் எடுத்தவ. 'அவள் ஏசுவாள், ஆனால் நீ கேள்' எண்டு சொன்னவ. கேட்காட்டி நீங்களும் சாப்பிட மாட்டியளாம், அதுக்கும் குடுக்க மாட்டியளாம்."

என்ன மனுசி நீ? தன் மூச்சைப் பிடித்து வைக்கத் தெரியாதவளுக்கு, என் சோற்றுக்கு ஆள் ஏற்பாடு செய்யத் தெரிந்திருக்கிறது. நான் குசினிக்குள் போய்ப் புல்லைப் போட்டேன். அது தின்றது. பக்கத்து வீட்டுக்காரி தந்த சோற்றை நானும் தின்றேன். நின்றபடி, அழுதபடி, உன்னைத் திட்டியபடி.

கச்சான் இப்போது கொழுத்துப்போய் இருக்கிறது. நகம் வெட்ட அவனிடம்தான் கொண்டு போகிறேன். அவனுக்கு இப்போது மாடும் ஆடும் மட்டுமல்ல, உதுவும் கொஞ்சம் தெரியும். ஆரும் கினிப்பன்றிக் குட்டியோடு வந்தால், கையில் ஒரு புதுச் சிரிஞ்சும் கொடுத்து, பருக்கும் விதத்தைப் பார்த்துப் பழக என்னிடம் அனுப்பிவிடுகிறான். நான் சம்மதித்தேனா என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் மாணவன் வேறு எப்படி இருப்பான்?

போன கிழமை கொடிகாமத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். விடியப் பஸ் ஏறியிருக்கிறாள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, நெஞ்சோடு பெட்டியை அணைத்தபடி வாசலில் நின்றாள். பெட்டிக்குள் கறுப்புக் குட்டி ஒன்று. இரண்டு நாளாகத் தின்னவில்லையாம்.

"பிள்ளை, நீர் காலமை ஏதும் சாப்பிட்டனீரோ?"

"இல்லை அன்ரி. உது சாப்பிடாமல் கிடக்கேக்கை எனக்கு இறங்குதில்லை. நீங்கள் முதல் உதைப் பாருங்கோ..."

"உதிலை இரும். நீர் சாப்பிட்டால்தான் நான் பெட்டியைத் திறப்பன்."

இடியப்பமும் சொதியும் வைத்தேன். அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்து, மறுபேச்சில்லாமல் முழுவதையும் சாப்பிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவியும் வைத்தாள். அவ்வளவுதான் அக்கா. நான் சொன்னேன், அவள் கேட்டாள். அவ்வளவு லேசான காரியமாக இருந்தது அது. உன்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேதான் அவளுடைய குட்டியைத் தூக்கி மடியில் வைத்தேன்.