பலகையில் எழுதியிருந்த ‘கலை’

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நன்றாக இல்லாமல் இருந்தது உன் பெண்டாட்டியின் கடைவாய்ப் பல் ஒன்றுதான், அதையும் பிடுங்கிப் போட்டாகிவிட்டது, ஆகவே இப்போது குடும்பம் முழுக்க சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். கல்வி ஆபீஸிலிருந்து ஆய்வாளர் வந்துவிட்டுப் போனதை உன் அம்மா போனில் சொன்னாளாம், என்ன ஆச்சு என்று நீ பதறிப்போய்க் கேட்டதற்கு, உங்க அப்பாவையே கேளு, அவர் பண்ணின கூத்து என்று வைத்துவிட்டாளாம். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ கத்தினால் எனக்குக் கேட்காது.

உன் பெண் பெரியவள் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்குள் வாய் ஓயாது, வாசலைத் தாண்டினால் பூட்டுப் போட்ட மாதிரி. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாள், இந்தக் குழந்தைக்குக் காது கேட்குமா என்று டீச்சரே கேட்கும்படி ஆனது. அப்புறம்தானே புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேசி, சின்னவனையும் சேர்த்து வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு பண்ணினீர்கள். ஆய்வாளர் வீட்டுக்கு வந்து கேட்பதற்குப் பிள்ளை வாயைத் திறந்து பதில் சொன்னால்தான் இதைத் தொடரலாம், இல்லாவிட்டால் லீவு முடிந்ததும் அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டியதுதான். மருமகளுக்கு இதை நினைத்து நினைத்துத் தூக்கமே போய்விட்டது. பாடமெல்லாம் தெரியும் மாமா, வெளியாள் முன்னாடி வாயைத் திறக்கணுமே என்று என்னிடம் வந்து புலம்புவாள். நான் என்னத்தைச் சொல்ல, ஆயுசு பூராவும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன், எனக்குத் தெரிந்த ஒரே பாடம் உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க என்பதுதான்.

இதற்கு நடுவில் வாரத்துக்கு ஒரு ஓவியர் வேறு. உலகத்தில் பேர் வாங்கின ஓவியர்களின் படங்களை எல்லாம் கூடத்துச் சுவரில் ஒட்டி, இவர் எப்படி வரைந்தார், என்ன பாடுபட்டார் என்று மருமகள் கதை மாதிரி சொல்கிறாள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பேர்கள்தான் என் வாயில் நுழைவதில்லை. நானும் சின்னவனும் எங்கள் வசதிக்கு வேறு பேர் வைத்துக்கொண்டோம். காதை அறுத்துக்கொண்டவர் ஒத்தைக்காது, பெயிண்டைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விட்டு வரைந்தவர் சொட்டு, ரெண்டு கண்ணையும் மூஞ்சியின் ஒரே பக்கத்தில் வைத்தவர் கோணமூஞ்சி. பெரியவளுக்குக் கோபம் வந்துவிட்டது, அவங்கல்லாம் எவ்வளவு பெரியவங்க தாத்தா, மரியாதையா சொல்லுங்க என்றாள். சரி தாயே என்று கோணமூஞ்சியார் என்று மாற்றிக்கொண்டேன். அந்த முறையிலேயே அவள் என்னையும் ஒருநாள் வரைந்து காட்டினாள், நான் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டேன். உன் அம்மா மட்டும், இத்தனை வருஷத்துல ஒருத்தியாவது இவரைச் சரியா பார்த்தாளே என்றாள்.

அன்றைக்குக் காலையில் மருமகளுக்குப் பல்வலி தாங்கமுடியாமல் ஒரு பக்கம் கன்னம் வீங்கிவிட்டது, அம்மா அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது மருமகள் எனக்காகக் கரும்பலகையில் பெரிய பெரிய எழுத்தில் எழுதிவைத்தாள். அந்த வலியில் நீட்டி எழுத முடியுமா, ஒன்றின் கீழ் ஒன்றாக எண், எழுது, படி, கலை, அவ்வளவுதான். இதில் இருப்பதை அப்படியே செய்யச் சொல்லுங்க மாமா, ஆய்வாளர் அடுத்த வாரம்தான் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு விசில், எண்ணினார்கள். இன்னொரு விசில், எழுதினார்கள். படி என்று வந்ததும் சின்னவன், இது படிக்கிற படியா ஏறுற படியா தாத்தா என்று கேட்டான், நியாயமான கேள்வி, எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, எதற்கு வம்பு என்று மாடிப்படியில் உட்கார்ந்து படித்தோம். அப்புறம் பெரியவள் என்னை ஒத்தைக்காதாராக வரையவேண்டும் என்று ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, துண்டால் என் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே, ஒரு காதை நான் எப்போதோ பஸ் எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் கட்டினது மிச்சமிருந்த காதை. சின்னவன் வந்து என்னமோ கேட்டான், கலை என்பது மட்டும் லேசாக விழுந்தது. போர்டுல என்ன போட்டிருக்கோ அதைச் செய்டா, செய்யறதை அரைகுறையா செய்யாதே என்றேன். அவன் கேட்டது, கலைக்கணுமா தாத்தா என்று.

அரைகுறையாகச் செய்யவில்லை, அதுவரைக்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எண், எழுது, படி எல்லாம் செய்யச் சொன்னதுதானே, கலை மட்டும் என்ன வேறயா என்று அலமாரி, மெத்தை, சமையலறைத் தட்டு, என் சட்டைப்பெட்டி ஒன்று விடாமல் கலைத்துக் கூடத்தில் கொட்டியிருக்கிறான். நான் ஜன்னல் காற்றில் கண்ணசந்துவிட்டேன். சின்னவன் வந்து உலுக்கியபோது வாசலில் ஆள் நின்றிருந்தார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம், அப்படியே ஆய்வையும் முடித்துவிடலாம் என்று ஆய்வாளரேதான். தலைக்கட்டோடு கதவைத் திறந்த என்னைப் பார்த்து, ஐயோ பெரியவரே, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்றார். இல்லைங்க, பாடம் நடக்குது என்றேன். உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, திருடன் வந்தானா என்றார். சின்னவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, எண்ணியாச்சு, எழுதியாச்சு, படிச்சாச்சு, கலைச்சாச்சு என்று ஒப்பித்தான். ஆய்வாளர் பலகையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், சிரிக்கவில்லை. பெரிய பொண்ணு எங்கே என்று கேட்டார். திரைச்சீலைக்குக் கீழே ரெண்டு பாதம் மட்டும் தெரிந்தது. வாசலில் நின்றபடியே பேர் என்னம்மா என்றார், என்ன படிக்கிறே என்றார், திரைச்சீலையிடமிருந்து பதில் இல்லை. தொலைந்தது, பிள்ளை அந்தப் பெஞ்சுக்கே போகப்போகிறாள், மருமகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஆகிவிட்டது எனக்கு. பழக்க தோஷத்தில், உள்ளே நகருங்க சார், நடுவுல இடமிருக்கு என்றேன். அவரும் நகர்ந்தார்.

திரைச்சீலை பேசியது. தாத்தா மூக்கு மேல நிக்கிறீங்க என்றது. ஆய்வாளர் திடுக்கிட்டு என் மூக்கைப் பார்த்தார், அது வழக்கமான இடத்தில்தான் இருந்தது. உடனே ஒரு அடி பின்னால் வைத்தார், ஐயோ அது வாய் என்று கத்திக்கொண்டு உன் பெண் வெளியே ஓடிவந்தாள். சின்னவன் கலைத்துப் போட்டதை எல்லாம் அவள் தரையில் என் மூஞ்சியாக அடுக்கியிருந்திருக்கிறாள், அதுவும் கோணமூஞ்சியார் முறையில். பாத்திர மூடி ரெண்டும் ஒரே பக்கத்தில் கண், சுருட்டின மெத்தை மூக்கு, செருப்பு வரிசை வாய். அந்த மனிதர் ஒற்றைக் காலில் நின்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்போ எங்கேதான் நிக்கிறதும்மா என்று கேட்டார். தாத்தாவுக்கு முடி கிடையாது, அந்த இடம் காலியாத்தான் இருக்கு, அங்கே நில்லுங்க என்றாள். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், என் வழுக்கையில் போய் அடக்கமாக நின்றார். அப்புறம் அவரை நாற்காலி மேல் ஏற்றி மேலிருந்து பார்க்கச் சொன்னாள், கண்ணை ஏன் ஒரு பக்கம் வெச்சே என்று அவர் கேட்க, ஒரே சமயத்துல நேராவும் பக்கவாட்டாவும் பார்த்தா அப்படித்தான் தெரியும் என்று ஆரம்பித்தவள் சுவரில் இருக்கும் ஓவியர் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பேரெல்லாம் முழுசாக, மரியாதையாக. அவர் ஒரு பேரைத் தப்பாகச் சொன்னார், திருப்பிச் சொல்லவைத்தாள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மருமகளும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். வீடு இருக்கிற கோலம், நாற்காலி மேல் ஆய்வாளர், தலைக்கட்டோடு மாமனார், இத்தனையும் பார்த்துவிட்டு மருமகள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய் நிறையப் பஞ்சு, என்னமோ சொல்லவருகிறாள், ங்ங் என்றுதான் வருகிறது, கண்ணில் தண்ணி. ஆய்வாளர் இறங்கி, நீங்கதான் அம்மாவா, சில கேள்வி கேட்கணும் என்றார். உன் பெண் குறுக்கே போய் நின்றுகொண்டாள். எங்க அம்மாவால இப்போ பேசமுடியாது, எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க என்றாள். அவர், கேட்க ஒண்ணும் இல்லைம்மா, வீட்டிலேயே படி என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் சாக்பீஸை எடுத்துப் பலகையில் கலையை அடித்து ஓவியம் என்று எழுதிவிட்டுப் போனார்.

மற்றபடி விசேஷம் இல்லை. ராத்திரி முழித்து வேலை பார்க்காதே, வெளிச்சாப்பாட்டைக் குறைத்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, நீ நினைத்தது நடக்கும், என்றைக்கும் எங்கள் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, நீ போன் பண்ணினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடுவாளே உன் பெண், அவள் ஞாயிற்றுக்கிழமை தானாகவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். வேலை இருக்கிறது என்று அவசரப்படுத்தாதே, அவளாக வைக்கிற வரைக்கும் நீ வைக்காதே.

இப்படிக்கு,
இன்னும் சட்டைகளைத் தேடிக்கொண்டிருக்கும்
உன் அப்பா