அப்பா உதைக்காத பந்து

மெர்டில் வெல்ஸ், டெக்சாஸ்
ஞாயிறு மாலை

அன்பு மகன் ரோலண்டுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் இங்க்ரிடும் குட்டிப் பெண்ணும் அந்த வடக்கு டகோட்டா பனியில் காது மூக்கு உதிராமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். இப்போது அவர் கார் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். வேலை போனதிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் பிரிக்கிறார், அந்த இயந்திரத்துக்குப் பாவம் ஒரு கோளாறும் இல்லை.

முதலில் வாசல் செய்தி. அந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் பள்ளி ஃபுட்பால் அணி தோற்ற மறுநாள் காலை கதவைத் திறந்தால் புல்தரை முழுக்க ‘வீடு விற்பனைக்கு’ பலகைகள். தோற்றால் ஊரை விட்டுப் போ என்று கோச் வீட்டு வாசலில் பலகை நடுவது நம் பக்கத்து வழக்கம்தானே, நீ பொடியனாக இருக்கும்போது அவற்றை வைத்துக் கோட்டை கட்டி விளையாடுவாய். ஆனால் இந்தத் தடவை தாராளமாகவே நட்டிருந்தார்கள். அதுவும் கோச் ஹாட்னெட் தெருவில். மாநிலக் கோப்பை வாங்கிக் கொடுத்த வருஷம் உன் அப்பா பேரைத் தெருவுக்கு வைத்தார்கள் இல்லையா, இப்போது பேரை மாற்றினால் தெருவில் எல்லோரும் விலாசம் மாற்ற வேண்டியிருக்குமாம், அதனால் ஆளை மட்டும் மாற்றுகிறார்கள். பலகைக் குச்சிகளையெல்லாம் பிடுங்கி அடுக்கி வைத்துவிட்டேன், கோடையில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க ஆகும். அதில் ஒன்று நிஜமான வீட்டுத் தரகர் பலகை, எந்தப் புண்ணியவான் எங்கிருந்து பிடுங்கி வந்தானோ. அதைப் பார்த்து லப்பக் நகரிலிருந்து ஒரு தம்பதி வந்து கதவைத் தட்டி, “ஏங்க, சமையலறைய கொஞ்சம் பாக்கலாமா” என்றார்கள். வீடு தேடி வந்தவர்களை என்ன சொல்லி அனுப்புவது, காட்டினேன். அந்தப் பெண் என் அலமாரியை எல்லாம் திறந்து பார்த்துவிட்டு எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டாள். “அது எங்க கையில இல்லம்மா, பதினாறு பதினேழு வயசுப் பசங்க கையில இருக்கு” என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உன் தாத்தா என் கல்யாணத்துக்கு முந்தின நாளே சொன்னார், “கோச்சைக் கட்டிக்கிற, அட்டைப்பெட்டியத் தூக்கிப் போட்டுறாத” என்று. அவர் சொன்னபடிதான் நடந்தது. ஒரு ஊரில் தோற்றதற்குத் துரத்தினார்கள், இன்னோர் ஊரில் ஜெயித்த வருஷமே துரத்தினார்கள், பள்ளி வாரியத் தலைவரின் மகனை ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைத்தாராம். நீ பிறந்தபோது அடுத்த வார எதிரணியின் ஆட்டப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஆள் விட்டுக் கூப்பிட்டு வந்தோம், உன்னைக் கையில் வாங்கி அவர் சொன்ன முதல் வார்த்தை, “தோள் நல்லா அகலமா இருக்கு.” என் கல்யாணத் தட்டுகளைச் செய்தித்தாள் சுற்றிலிருந்து நான் பிரித்ததே இந்த ஊருக்கு வந்த பிறகுதான். இந்த வீட்டில் வயதாகிச் சாகலாம் என்று நினைத்தேன், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் எப்படிப்பட்ட கோச் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பந்தை இடுக்கிக்கொண்டு பத்து கஜம் முன்னேற உலகத்துக்கெல்லாம் நாலு வாய்ப்பு, உன் அப்பாவுக்கு மட்டும் மூன்று. நான்காவது வந்தால் பந்தைத் தூர உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிட்டு, வா பார்க்கலாம் என்று தடுத்து நிற்பார். அதற்கு இந்த ஊர் அவரைப் பண்ணாத கேலியா. “கோச், உதைக்கத்தான் ஆளுன்னா ஒரு கழுதைய வாங்கிக் கட்டிருவோமே, சம்பளமும் மிச்சம்” என்று முடிவெட்டும் கடையில் வைத்துச் சொல்வார்கள், அவரும் கழுத்தில் துணியோடு உட்கார்ந்து சிரிப்பார். அந்த வியாழக்கிழமை நீ போன் பண்ணினாயே, நினைவிருக்கிறதா. “அப்பா, ஒரே ஒரு கஜம்தான் பாக்கின்னா உதைக்காதீங்க, மோதிப் பாருங்க, இங்க காலேஜ்ல நாங்க கோச்சுங்க எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டோம்” என்றாய். அவர் போனை வைத்துவிட்டு, “இவன் வந்துட்டான் எனக்குக் கணக்கு வாத்தியாரா” என்று முணுமுணுத்தார். பிறகு சாப்பிடாமல் வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆட்டத்தின் கடைசி. நாம் மூன்று புள்ளி முன்னால், பந்து நம் கையில், நான்காவது வாய்ப்பு, ஒரே ஒரு கஜம். உதைக்கிற பையன் தானாகவே மைதானத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டான், அவனுக்குத் தெரியாதா. உன் அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார், பிறகு அவனைத் திரும்பி வரச் சொல்லிக் கையைக் காட்டினார். இத்தனை வருஷமாக மோதுங்கள் மோதுங்கள் என்று கத்திய ஊர், அவர் மோதச் சொன்னதும் வாயைப் பிளந்தது. பந்தை இடுக்கிய பையன் அந்த ஒரு கஜத்துக்கு ஒரு சாண் குறையும்போதே அமுக்கப்பட்டான், பந்து எதிரணிக்குப் போனது, அங்கிருந்தே அவர்கள் புறப்பட்டுப் புள்ளி எடுத்தார்கள், நம் வருஷம் அத்தோடு முடிந்தது. திங்கட்கிழமை வாரியத்தில் கூப்பிட்டு, யார் கொடுத்த யோசனை இது என்று கேட்டார்கள். மனைவிமாரும் வரலாம் என்றதால் நானும் உட்கார்ந்திருந்தேன். “யாரும் கொடுக்கல, எனக்கே தோணுச்சு, வயசாயிருச்சுல்ல” என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், உன் பேர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

கோச் வேலையைப் பிடுங்கிவிட்டாலும் ஒப்பந்தம் மே மாதம் வரை இருப்பதால் இப்போது பள்ளியில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். மாநிலக் கோப்பை வாங்கியவர் வாரியத் தலைவர் கேலன் டீக்கின் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைப் போடு பிரேக்கைப் போடு என்று கத்துகிறார். அந்தக் கேலன்தான் நேற்று தன் மனைவி செய்த பீக்கான் பருப்புப் பலகாரத்தோடு வந்தார். இந்த ஊரில் யாராவது செத்தால்தான் பலகாரம் வரும், அதனால் நான் உஷாரானேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேலன் கேட்டது இதுதான்: “ரோலண்டு நம்பரக் குடும்மா வில்மா, அடுத்த கோச்சா அவனக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். நம்ம ஊர்ப் பையன், சின்ன வயசுலேர்ந்து பாக்கறோம், நிதானமான ஆளு. அன்னிக்கு அவன் நின்னிருந்தா பேசாம உதைச்சிருப்பான்.” நான் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. உன் அப்பாவோ காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆமா கேலன், அவன் உதைச்சிருப்பான், அவன் என்னை மாதிரி இல்ல” என்றார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனுஷன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

வருகிற சனிக்கிழமை உனக்குப் போன் வரும், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அந்த வேலைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் ஒரே கேள்விதானாம், அன்றைக்கு அந்த இடத்தில் நீ என்ன செய்திருப்பாய் என்று. வந்தவர்கள் எல்லோரும் உதைத்திருப்பேன் என்றே சொன்னார்களாம், இருந்தாலும் கேலனுக்கு உன் வாயால் கேட்க ஆசை. அவர் போன பிறகு அப்பா என்னிடம், “உதைச்சிருப்பேன்னு மட்டும் சொல்லச் சொல்லு, வேலை கெடச்சுரும், குட்டியும் நம்ம பக்கத்துல வளரும்” என்றார். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டாம் என்றதையும் சொல்கிறேன். உண்மையிலேயே வருத்தம்தானா என்று அவரைக் கேட்டேன். அவர் உப்பு ஜாடி, மிளகு ஜாடி, நீ கொடுத்த காபிக் கோப்பை எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களைப் போல மேஜையில் வரிசையாக நிறுத்தி, மிளகு ஜாடியை மட்டும் ஒரு விரலால் நகர்த்தினார். “இந்தப் பய இடது காலுக்குப் பதிலா வலது கால எடுத்து வச்சுட்டான், அவ்வளவுதான். நம்ம ரோலண்டு சொன்னது சரி, வில்மா. திரும்ப அதே எடம் வந்தா திரும்ப அதத்தான் பண்ணுவேன். இத அவன்கிட்ட சொல்லிடாத, போன்ல பொய் சொல்லத் திணறுவான்” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கோப்பை வாங்கிய அன்றுகூட நான் பார்க்காத ஒரு சந்தோஷம், அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், குட்டிக்கென்று பின்னறையைக்கூட ஒழித்துவிட்டேன். ஆனால் கேலன் கேட்கும்போது நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, அவர் சொன்னதும் தெரியும், செய்ததும் தெரியும், மற்றது உன் பாடு.

கடவுள் உன்னையும் இங்க்ரிடையும் குட்டியையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். காருக்கு இரவில் சூடாக்கும் மின்கம்பியைச் சொருக மறக்காதே, போன வருஷம் மறந்து, கார் கிளம்பாமல் நடந்து போய்க் காய்ச்சலில் படுத்தாய். வேலை கிடைத்தால் இருப்பதற்கு இந்தத் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது. அந்த ‘வீடு விற்பனைக்கு’ பலகைகளில் நல்லதாக ஒன்றைத் தக்காளிக்குக் கொடுக்காமல் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், நீ உன் அப்பாவின் மகன் என்றால் எப்படியும் தேவைப்படும்.

பிரியமுடன்,
உன் அம்மா வில்மா