எரிகல்லுக்குப் பார்த்த பொருத்தம்

திருப்பாதிரிப்புலியூர்,
18-9-1966

சிரஞ்சீவி பழனிவேலுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மாவும் முழங்கால் நீங்கலாகச் சுகம். அங்கே குளிர் எப்படி என்று எழுது, கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே.

ஒரு தப்பு நடந்துவிட்டது, கோபப்படாமல் படி. செவ்வாய் தோஷத்தால் உனக்கு ஆறு வரன் தட்டிப்போனதில் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கும் மனசே சரியில்லை. போன வாரம் தரகர் சாமிக்கண்ணு சிதம்பரத்தில் ஒரு பெண் இருப்பதாக வந்து அவசரப்படுத்தினார். உன்னிடமிருந்து எது வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது அம்மா வழக்கம், உன் ஜாதகமும் அங்கேதான். மூக்குக்கண்ணாடி இல்லாமல் நான் எடுத்துக் கொடுத்தது நீ அனுப்பிய போட்டோவை. எரிகல்லின் வெளிச்சத்தைக் கோடு கோடாகப் பிரித்து அது எதனால் ஆனது என்று பார்ப்பாயே, அதுதான். பெண் வீட்டாரின் கீரப்பாளையத்து ஜோசியருக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. சீமையில கட்டம் போட மாட்டாங்க, கோடுதான் என்று சொல்லி, பின்பக்கம் நீ எழுதிய தேதியையும் மணியையும் பிறந்த நேரமாக வைத்துப் பத்துக்கு ஒன்பது பொருத்தம், செவ்வாய் தோஷம் அறவே இல்லை என்றாராம். போன மாதம் விழுந்த கல், ஆகவே மாப்பிள்ளைக்கு வயது ஒரு மாதம், அதை யாருமே கவனிக்கவில்லை. போட்டோவின் அடியில் இரும்பு, மக்னீசியம், சோடியம் என்றிருப்பதைப் பார்த்து, மாப்பிள்ளை இரும்புக் கடையா வச்சிருக்காரு என்று பெண்ணின் அப்பா கேட்க, ஹோல்சேலுங்க என்றாராம் சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணு வந்து இதையெல்லாம் சொல்லி விஷயம் தெரிந்ததும் உண்மையைச் சொல்ல சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே இலை போட்டுப் பாயசமே வந்துவிட்டது. ஆறு வீட்டில் மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பப்பட்டவனுக்கு வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறதப்பா. கிளம்பும்போது பெண் ஞானாம்பாள் போட்டோவைத் திருப்பிக் கொடுக்க வாசல் வரை வந்தாள். பி.எஸ்சி. பௌதிகம் படித்தவளாம். இது ஜாதகமில்லைன்னு அன்னிக்கே தெரியும் மாமா, நான் யாருகிட்டயும் சொல்லலை என்றாள். நிஜ ஜாதகத்தில் செவ்வாய் இருக்கும்மா என்று ஒத்துக்கொண்டேன். அது வானத்துலயே இருந்துட்டுப் போவட்டும் மாமா, இதுல சோடியம் கோடு எதுன்னு மட்டும் அவுங்களை எழுதச் சொல்லுங்க என்றாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல, நீதான் எழுத வேண்டும். அவள் விலாசம் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. அந்தக் கல் வந்த வேகத்தில் பாதியாவது காட்டு. தீர்க்காயுசாக, குடியும் குடித்தனமுமாக இரு. மறந்தும் உன் ஜாதகத்துக்கு நகல் கேட்டுவிடாதே, அம்மா அந்தப் போட்டோவுக்கு மறுபடி மஞ்சள் தடவிவிட்டாள், ஜாதகம் எங்கே என்றால் அடுப்பைப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பராயலு