இரண்டும் சிவப்பு நூல்

மகளாகவே எனக்கு வாய்த்த மருமகள் எஸ்தருக்கு,

உன் பெண் பிரிசில்லாவைப் பற்றி நல்ல செய்தி சொல்லத்தான் எப்போதும் உன் படத்துக்கு எதிரில் உட்காருவேன். இன்று சொல்ல வேண்டியது என்னைப் பற்றி. உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது; சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரிசில்லா செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அவளுக்குக் கலசப்பாக்கத்தில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் வாத்தியார், சபைக்கு ஒழுங்காகப் போகிற குடும்பம். அவள் அப்பன் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டான். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளோ, "இப்ப வேணாம் ஆயா, மேல படிக்கணும்னு நெனச்சிகினு இருக்கேன்" என்றாள்.

"உன் இஷ்டமும் வேணாம், என் இஷ்டமும் வேணாம். ஆண்டவர் சித்தத்தக் கேட்டுடலாம்" என்றேன். நம் வீட்டில் கேட்கிற விதம் உனக்குத் தெரியுமே. சுருக்குப் பையில், தறியில் மிஞ்சின பட்டு நூல் இரண்டு துண்டு. சிவப்பு வந்தால் சரி, பச்சை வந்தால் வேண்டாம்.

நான்தான் ஜெபம் பண்ணினேன். ஐந்தாவதோடு நின்றவள் ஆனாலும், நான் ஜெபித்தால் சபையை நடத்துகிற ஆயரம்மாவே கண் கலங்குவாள் என்று எனக்குப் பெருமை உண்டே. "உம்முடைய சித்தம் மட்டுமே ஆகட்டும்" என்று உருகினேன். பைக்குள் நான் போட்டிருந்தது இரண்டும் சிவப்பு.

கண்ணை மூடி எடுத்தாள். சிவப்பு. "அவரே சொல்லிட்டாருன்னா சரி ஆயா" என்று சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். அப்படியே உன் குரல். நான் ஜல்தியாக மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, "தேவ சித்தம் தெரிஞ்சிடுச்சிங்க" என்றேன்.

மறுநாள் அந்தப் பையை மடித்து வைக்க எடுத்தவள் உதறினாள். இன்னொரு சிவப்பு கீழே விழுந்தது.

"பச்ச எங்க ஆயா?"

நான் குனிந்து அந்த நூலைப் பொறுக்கினேன்.

"ஆண்டவருக்கே ஒரே கலர்தான் குடுத்தியா? பாவம், அவரு இன்னாதான் பண்ணுவாரு?" சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். "எனக்காகக் கட்டிக்கோன்னு கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். அவர் பேர ஏன் இழுத்த?"

எஸ்தர், நீ போன அன்று நானும் "தேவ சித்தம்" என்றுதான் சொன்னேன். அன்று நாக்கு கசந்தது. இந்த முறை இனித்தது. இனித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டாமா? எல்லாம் அவர் கையில் என்று ஊருக்குச் சொல்கிறவள், ஒரு பச்சை நூலுக்கு ஏன் பயந்தேன்? அவள் பையை உதறியதுதான் அவர் சித்தமோ என்றும் நினைத்தேன். உடனே அந்த நினைப்பையும் விட்டேன். அவருக்காக நான் பேசினது போதும்.

நேற்று அந்த அம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன். பிரிசில்லா பக்கத்தில் நின்றாள்.

"தேவ சித்தம்னு சொன்னீங்களேம்மா?"

"அது என் சித்தங்க. மன்னிச்சிடுங்க."

போனை வைத்துவிட்டார்கள். பிரிசில்லா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இதைச் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கவா என்று கேட்டதற்கு மட்டும், "குடு" என்றாள். என் ஜெபத்தைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு வேண்டியதை இனி "எனக்கு வேண்டும்" என்றே கேட்பேன், உன் பெண்ணிடமும், ஆண்டவரிடமும். இல்லை என்று பதில் வந்தால் கேட்டுக்கொள்ள இந்த வயதில்தான் பழக வேண்டும். பழகிக்கொள்கிறேன்.

தலை நிமிராமல்,
உன் அத்தை