அப்பா காத்திருந்த அப்டேட்

கள்ளக்குறிச்சி, மாமா வீடு
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செழியன் அண்ணாவுக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல தனுஷா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள்.

இன்று காலை காரின் திரையில், மேல் மூலையில், மஞ்சளாக ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். நேற்றுத் துடைக்கும்போது அது இல்லை. பட்டறையில் முன்பக்கத்தையும் கதவையும் சரிசெய்து போன வாரம் காரைக் கொண்டுவந்து மாமா வீட்டு வாசலில் விட்டிருக்கிறார்கள், நாங்களும் அம்மாவின் இருமலுக்குப் பெரியாஸ்பத்திரியில் காட்டுவதற்காக மலையிலிருந்து இறங்கி வந்து இங்கேதான் தங்கியிருக்கிறோம். மாமா மகன் அன்புச்செல்வன் பாட்டுக் கேட்பதற்காக வீட்டு வைஃபையைக் காரோடு இணைத்து வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அந்த அம்புக்குறியைத் தொட்டதும் இங்கிலீஷில் வரிவரியாக வந்தது, ராத்திரியே வந்திருக்கு அத்தை, புது அப்டேட் என்று அம்மாவுக்குப் படித்துச் சொன்னான். பேட்டரி முழுசாக நிறைந்திருந்தாலும் இனிமேல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எப்போதும் போல வேகம் குறையும், தேவைப்பட்டால் வண்டியே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் அதில் இருந்தது. அம்மா துடைப்பமும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "இது அவன் போனுக்கும் வந்திருக்குமாடா?" வண்டி அண்ணன் பேர்லதானே இருக்குது அத்தை, அவரு போனுக்குத்தான் மொதல்ல போயிருக்கும் என்றான் அன்பு. அதிலிருந்து அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை, அவன் அதைத் தனியா ஒக்காந்து படிச்சுக்கினு இருப்பான், பேப்பர் எடுத்துக்கினு வா, எழுது என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அனுப்புகிற செய்திக்கெல்லாம் இரண்டு டிக் விழுகிறது, நீலமாக மாறுவதில்லை. நீ எடுத்தாலும் எனக்குப் போனில் பேச்சு வராது, ம், ம் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், உனக்கே தெரியும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் எழுதினால் எனக்கு வரும். அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

அப்பாவின் கருமாதி அன்று இன்சூரன்ஸ் ஆள் வந்து, வண்டி முழு சார்ஜில் இறங்கியிருக்கிறது, அதனால் காலை எடுத்தாலும் வேகம் குறைந்திருக்காது என்று பந்தலுக்கு நடுவில் நின்று சொன்னான் இல்லையா, நீ மொட்டைத் தலையோடு எழுந்து நின்று, நான்தான் ஃபுல்லா போடச் சொன்னேன் என்று சொன்னாய். யார் என்ன சொல்லியும் நீ காதில் வாங்கவில்லை, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட்டாய். அம்மா பின்னாலேயே ஓடிவந்து ஏதோ சொன்னாளே, அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. அதைத்தான் இப்போது விவரமாக எழுதச் சொல்கிறாள்.

கார் வாங்கிக் கொடுத்த புதிதில், ராத்திரி ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டு காலையில எடுப்பா, நடுவழியில நின்னா மானம் போயிடும் என்று நீ சொன்னது உண்மைதான். புனேயில் எல்லாரும் அப்படித்தானே செய்வார்கள். நம் வீடு மலை மேலே அல்லவா இருக்கிறது, வாசலை விட்டுத் திரும்பினாலே இறக்கம். கீழே இருக்கிறவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புமாம், பேட்டரியில் இடம் இல்லை என்றால் பிடிக்காதாம், வண்டி தன்பாட்டுக்கு ஓடுமாம். அப்பா முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டார். தொண்டை வரைக்கும் தின்னுட்டு நிக்குது, இன்னும் ஊட்டுனா எங்க போவும் என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் முழுசாகச் சார்ஜ் போட்டதில்லை, கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார். உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றார். புள்ள ஆசையா வாங்கிக் குடுத்து ஆசையா சொல்றான், அவன் சொன்னது மலைக்கு ஒத்து வரலேன்னு சொன்னா மனசு ஒடிஞ்சிடுவான் என்றார். அதனால் நீ போனில் ஃபுல்லா போட்டியாப்பா என்று கேட்கும்போதெல்லாம் போட்டேன் போட்டேன் என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். நீ சொன்னதைக் கேட்டு அவர் செய்துகொண்டிருந்தார் என்று நீ நினைக்கிறாய், அவர் செய்யவில்லை அண்ணா.

இந்த அப்டேட்டுக்காக அப்பா எவ்வளவு காத்திருந்தார் என்பதும் உனக்குத் தெரியாது. வண்டியைச் சர்வீஸுக்கு விட்டபோது, புதுசாக ஒன்று வரப் போகிறது, வந்தால் பேட்டரி நிறைந்திருந்தாலும் பயமில்லை என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். எல்லா வண்டிக்கும் ஒரே நாளில் வராதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்புவார்களாம். சீக்கிரம் வேண்டுமென்றால் செட்டிங்கில் வெளியானவுடனே வேண்டும் என்பதைப் போட்டு வைக்க வேண்டும், நெட் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், வைஃபை இருந்தால் இன்னும் நல்லது என்றாராம். நம்மூரில் வைஃபைக்கு எங்கே போவது. வெள்ளிமலை ரோட்டில் டவர் எடுக்கிற வளைவு இருக்கிறதே, எல்லாரும் போன் பேச வந்து நிற்பார்களே, அங்கேதான் சவாரி முடிந்ததும் அப்பா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். செட்டிங்கை மாற்றிக் கொடுத்ததும் அவர் போனிலிருந்து வண்டிக்கு நெட் வைத்ததும் நான்தான், அதனால் என்னையும் கூட்டிப் போவார். ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற பழனி அண்ணன் தினமும் நின்று, இன்னா பச்சமுத்து மாமா, காருக்குக் காத்து வாங்கிக் குடுக்க வந்துட்டியா என்று கிண்டல் செய்யும். ஆமாண்டா, நீயும் செத்த ஒக்காரு, உனக்கும் எதுனா புத்தி எறங்குதான்னு பாப்போம் என்பார் அப்பா. மற்றவர்கள் முன்னால் வாய் திறக்காத நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து அவ்வளவு பேசியிருக்கிறேன். அப்பா பேசினது பாதி உன்னைப் பற்றித்தான், இந்நேரம் ஷிஃப்ட் முடிச்சிருப்பான், ரொட்டியே தின்னுக்கினு இருக்கான், அடுத்த தடவை சாமை அரிசி குடுத்து அனுப்பணும் என்று. ஒரே ஒரு தடவை அப்டேட் இறங்க ஆரம்பித்தது. அப்பா மூச்சுவிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் மழை பிடித்து டவர் போய்விட்டது, மறுநாள் பார்த்தால் அந்த அம்புக்குறியே இல்லை. சரி, நம்ம முறை வரும்போது வரட்டும் என்று வண்டியைத் திருப்பினார். இங்கே மாமா வீட்டு வாசலில் சும்மா நின்ற வண்டிக்கு ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். மேல் தெரு இருசம்மாள் அத்தையைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது, வயிற்றில் கட்டி, ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். வழியில் சார்ஜ் போட நின்றால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அன்றைக்கு மட்டும் அப்பா வேண்டுமென்றேதான் முழுசாகப் போட்டார். பிளக்கைப் பிடுங்கும்போது அம்மா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள், எறக்கத்துல புடிக்காதுன்னு சொல்லுவியே என்று. அப்பா சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள். "தெரியும்டி. அந்தப் பொம்பள உசுரு பெருசா, என் காலு வலி பெருசா? பிரேக்குல கால வெச்சுக்கினே எறங்கிடுவேன்." இதுதான் அப்பா நம் வீட்டில் கடைசியாகச் சொன்னது. அதில் உன் பேச்சு எதுவும் இல்லை.

இருசம்மாள் அத்தை கை முறிந்து, அந்தக் கட்டிக்கும் ஆபரேஷன் முடிந்து, பொங்கலுக்கு முன்னால்தான் வீட்டுக்கு வந்தது. வந்ததும் நேரே நம் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது. "மெதுவாத்தான் வந்தாருடி, மாட்டு வண்டியாட்டம். எதிர்ல பஸ்ஸு ஏறி வந்துச்சு, வழி வுடறேன்னு ஓரம் ஒதுங்கனாரு, மழையில ஊறின மண்ணு வண்டியோட அப்படியே சரிஞ்சிடுச்சு" என்றது. முழு சார்ஜ் இல்லாமல் இருந்திருந்தால் வண்டி அந்த மண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்புவைக் கேட்டேன், பட்டறைக்காரரையும் மாமாவை விட்டுக் கேட்கச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை. உனக்குப் பொய் சொல்லி எழுத எனக்கு மனசில்லை. ஆனால் தெரியாத ஒன்றை நீ உன் தலையில் ஏற்றிக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடப்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. "ஒருத்தரை மண்ணுல வெச்சிட்டேன், இன்னொருத்தனை உசுரோட தொலைச்சிட்டு நான் எப்படி இருப்பேன்னு கேளு" என்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வண்டியை விற்றுவிடச் சொல்லி நீ மாமாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். சிவசங்கர் என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். மலையில் எல்லாரும் வண்டி எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பழனி அண்ணன் லைசென்ஸ் வைத்திருக்கிறது, நான் ஓட்டுறேன் அக்கா என்று அம்மாவிடம் வந்து நின்றது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்பு இப்போதே அப்டேட்டைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றாள், அவன் வந்து அவன் கையால போடட்டும், அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும் என்றாள்.

மற்றபடி மரவள்ளி இந்த வருஷம் நன்றாகக் கிழங்கு விட்டிருக்கிறது, பிடுங்கத்தான் ஆள் இல்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுக்குக் காலில் புண், மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். மாமா மகள் கோகிலவாணிக்குத் திருக்கோவிலூர் பக்கம் இடம் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டில் துக்கம் என்பதால் மாமா வைகாசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார், நீ இல்லாமல் செய்ய மாட்டாராம். அம்மாவின் இருமலுக்குச் சளிதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், நீ பயப்பட வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள், அறையில் தனியாகப் படுக்க வேண்டாமாம், கூட வேலை செய்கிற பையன் யாரையாவது வந்து இருக்கச் சொல்லு என்கிறாள், குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்கிறாள், முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

நம் குலதெய்வம் உன் கூடவே இருந்து உன்னைக் காக்கட்டும், உனக்கு ஒரு தலைவலியும் வராமல் இருக்கட்டும் என்று அம்மா உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள். மாசி பிறப்பதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, இதை மறக்காதே.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ஜெயம்மாள்
(கையெழுத்து அம்மாவே போட்டது. மற்றதெல்லாம் தனுஷா.)

பி.கு. இது நான் மட்டும் எழுதுவது. கடிதத்தை மடித்ததும், தபால் புனேக்குப் போய்ச் சேர எத்தினி நாள் ஆவும் என்று அம்மா கேட்டாள், ஒரு வாரம் கூட ஆவலாம் என்றார் மாமா. அம்மா முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நான் எடுத்துக்கினு போறேன் என்று சொல்லிவிட்டேன். வூட்டுக்கு ஆள் வந்தா கதவுக்குப் பின்னாடி போய் நிக்கிறவ புனேக்குப் போறாளாம் என்று மாமா சிரித்தார், அப்புறம் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, சென்னையில் ரயில் ஏறி, இப்போது உன் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டோம். இந்தி தெரியாது என்று மாமா தயங்கினார், எனக்கும் தெரியாதுதான், இருந்தாலும் வாட்ச்மேனிடம் நானே போய் உன் போட்டோவைக் காட்டி உன் பேரைச் சொன்னேன், அவர் தலையாட்டினார். இதை அவர் கையில் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.