கன்னத்தில் கைவைத்த மரப்பொம்மை

ஒருமுறைக்குமேல் எதையும் கேட்காத என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் போனபிறகு இன்றுதான் பின்பக்கத்து ஷெட்டைத் திறந்தேன். உங்கள் மரப்பொம்மை கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்று எழுதுவதே பொய். அது எங்கே கிடக்கிறதென்று மூன்று வருடமாக எனக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோவில் நீங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தபோதுதான் அண்ணி இங்கே தவறிப்போனார். அடக்கத்துக்கு உங்களால் வந்துசேர முடியவில்லை. உங்களோடு வேலைபார்த்த லோபி இனத்து நண்பர், அவர்கள் வழக்கப்படி குறிசொல்பவரிடம் கேட்டு, அந்தப் பொம்மையைச் செதுக்கி வாங்கித் தந்தார். ஒரு முழ உயரம், கன்னத்தில் கை. ஊருக்கு வந்து பெட்டியிலிருந்து நீங்கள் எடுத்ததும் நான் சிரித்தேன். "என்னண்ணே, இவனுக்குக் கப்பல் கவுந்துருச்சா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "இது சாமியில்லம்மா, ஒரு ஆளு மாதிரி. எனக்குப் பதிலா இவன் அழுவான், நான் கிளாசுக்குப் போவேன். அப்படித்தான் அங்க நாளத் தள்ளுனேன்" என்றீர்கள்.

அப்புறம் வீட்டு ஜெபக்கூட்டம் நம் முறைக்கு வந்தது. நான் சபைப் பெண்கள் சங்கச் செயலாளர்; செயலாளர் வீட்டிலேயே விக்கிரகமா என்று நாலு பேர் கேட்டால்? நீங்கள் காளவாசல் கடைத்தெரு வரை போயிருந்த நேரத்தில் அதைச் சாக்கில் போட்டு ஷெட் மூலையில் தள்ளினேன். மேல்தட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள், என் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. அவையும் பொம்மைகள்தானே அண்ணே? அன்றைக்கு ஏன் எனக்கு அது உறைக்கவில்லை?

"நிர்மலா, அவனப் பாத்தியாம்மா?" என்று ஒரே ஒருமுறை கேட்டீர்கள். நான் கையில் வேதாகமத்தோடு, "தெரியலயேண்ணே" என்றேன். கூட்டம் முடிந்ததும் எடுத்துவைக்கலாம் என்றுதான் இருந்தேன். பொய் சொன்னபிறகு எந்த முகத்தோடு எடுப்பது? நீங்கள் கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடினீர்கள். அதன்பிறகு காலையில் பலநாள் நீங்களே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் காபியை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

பொம்மையின் கையைக் கரையான் தின்றுவிட்டது. கன்னம் மட்டும் மிச்சம். வெட்கமாக இருக்கிறது அண்ணே. உங்கள் அடக்கத்தன்று நான் அழுததைப் பார்த்து, "எம்புட்டுப் பாசம் பாருங்க, கூடப்பொறந்த தங்கச்சின்னா இப்படியில்ல இருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டேதான் அழுதேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் மறுபடி நம் வீட்டில். பொம்மையைத் துடைத்து, ஹாலில் உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், "எங்கண்ணனோடது, நாந்தான் ஒளிச்சு வச்சேன், கேட்டப்போ இல்லன்னுட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இது சத்தியம். எனக்குப் பதிலாக அழச்சொல்லி மட்டும் அவனைக் கேட்கமாட்டேன். இதற்கு நான்தான் அழவேண்டும்.

உங்களிடம் பொய் சொன்ன தங்கச்சி,
நிர்மலா
பசுமலை